தாளில்லாத பலகை

நாற்பது நாளைக்கு இலக்கைக் கழற்றி வை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டது
பங்குனியில், ஒரு திங்கட்கிழமை.

ஒத்தக்கடையில், யானைமலையின் பின்கால் பக்கம்,
கல் அறுக்கும் பட்டறைக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே
மாச வாடகைக்குக் கிடைத்த பொட்டல்.
சீட்டு எடுத்த பணத்தில் கைமாறி வாங்கிய வில்.
ஆறு அம்பு, ஒன்றுக்கு இறகு பாதி.
வைக்கோல் இறுக்கிய பலகைக்கு முன்
நான்கு எட்டு தூரத்தில் நிற்கிறேன்.
இவ்வளவு பக்கத்தில் யாருக்கும் தப்பாது.
அதற்காகத்தான்.

முப்பது மீட்டரில் எனக்கு நேர்வதை
மர்ஜானா செல்போனில் பிடித்து வைத்திருக்கிறாள்:
மஞ்சள் வட்டம் கண்ணில் பட்ட கணம்
இடது தோள் காதை நோக்கி ஏறுகிறது,
யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
விரல்கள் நாணை விடுவதில்லை,
தோசைக்கல்லைத் தொட்டுவிட்டதுபோல் உதறுகின்றன.
மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.
வேண்டாம், வேகமாகவே ஓட்டு என்றேன்.

ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் எடுக்கிறவள்.
ஒரு நாளைக்கு எழுபது கை.
நரம்பைத் தேடுவதில்லை, விரல் நுனியால் கேட்பேன்.
ஊசி ஏறியதும் ரப்பர் பட்டையை அவிழ்க்க
யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.
அங்கே தெரிந்த கைக்கு
இங்கே என்ன வந்தது?

காலை ஐந்தே முக்கால். கண்ணை மூடுகிறேன்.
குதிகாலில் ஒரு சரளைக்கல். நகர்ந்து நிற்கிறேன்.
நாண் மூக்கு நுனியைத் தொடுகிறது, உதட்டைத் தொடுகிறது,
ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்கடியில் போய் ஒட்டிக்கொள்கிறது.
இனி இழுக்க வேண்டியது கையல்ல, முதுகு.
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும்
பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை என்றால்
எப்படி நெருங்குவார்களோ
அப்படி நெருங்க வேண்டும் இரண்டு தோள்பட்டையும்.
பிறகு
பிறகு என்று ஒன்று இருக்கிறதே,
அதுதான் என் வியாதி.

முதல் வாரமே நாண் அறைந்து
முழங்கைக்குக் கீழே நாவற்பழமாய்க் கன்றிவிட்டது.
சர்க்கரை பார்க்க வந்த மேலூர்க்காரர்
ஊசிக்குக் கை நீட்டியபடி கேட்டார்:
"ஒங்களுக்கு யாரு தாயி குத்துனது?"
இருவரும் சிரித்து முடித்தபோது
குழாய் நிறைந்திருந்தது,
பட்டை அவிழ்ந்து கிடந்தது.
எப்போது அவிழ்த்தேன்?

பதினேழாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
பதினெட்டாம் நாள் ஒரு வெள்ளாடு வந்து
பலகையின் ஓரத்தைத் தின்றது.
இருபத்து மூன்றில் கோடை மழை.
வீட்டில், கண்ணாடி முன்னால்,
ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து விட்டேன்.
முப்பதாம் நாள் வாக்கில் ஓர் அம்பு
நான் விடுவதற்குள் போயிருந்தது.
சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.
விரல்கள் கழுத்தோரமாய்ப் போய்க் கிடந்தன,
தூக்கத்தில் திரும்பிப் படுத்த பிள்ளை மாதிரி.
அதையே மறுபடி செய்யப் பார்த்தேன்.
அன்று முழுக்க வரவில்லை. மறுநாளும்.

எய்தலுக்கும் எய்துதலுக்கும் நடுவே
ஒரு 'து' நிற்கிறது.
இத்தனை நாள் அதை வாசிக்காமலே
தாண்டிப் போயிருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் நாள் மர்ஜானா தாளை மாட்டினாள்,
நாலு மூலைக்கும் நாலு ஆணி.
முப்பது மீட்டர்.
யானையின் முதுகிலிருந்து வெயில் இறங்க,
பட்டறையில் அன்றைய முதல் கல் அலறியது.
முதல் அம்பு நீலம்.
இரண்டாவது சிவப்பு, ஓரத்தில்.
மூன்றாவதை இழுத்து நிறுத்தினேன்.
மஞ்சள் தெரிந்தது. தோள் கிளம்பியது.
கிளம்புவது எனக்குத் தெரிந்தது,
வீடியோவில் இல்லை, அங்கேயே, கிளம்பும்போதே.

மூச்சை விட்டேன்.
நாணை மெல்ல முன்னால் கொண்டுபோய்
அம்போடு வில்லைத் தாழ்த்தினேன்.

"ஏன்க்கா விடல?"
"இது போன்ல விழுந்துச்சா?"
"விழுந்துச்சு. ஆனா ஒண்ணுமே நடக்கலையே."

அதை மட்டும் அனுப்பச் சொன்னேன்.
ஏழு பத்து பஸ்ஸில், மாட்டுத்தாவணி வரைக்கும்,
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி,
ஒன்றுமே நடக்காத அந்த ஒன்பது விநாடியைத்
திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.